'உள்ளிட்டோரி'ல் போய்விட்ட ஷூமன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் நகரப் பக்கத்தில், ஞாயிறு மாலை நடந்த தனி பியானோ கச்சேரியைப் பற்றிய விமர்சனம் வந்திருந்தது. தலைப்பு 'மனத்தை வருடிய மெல்லிசை'. உள்ளே பதினோரு வரிகள். அவற்றில் 'மென்மை' நான்கு முறை, 'இனிமை' மூன்று முறை, 'தென்றல்' ஒரு முறை. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு எண்ணினேன். என் மனைவி, 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்டாள். இல்லை. ஓய்வு பெற்றுவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வெறும் ரசிகன் அல்ல. அன்று அந்த பியானோவுக்குச் சுருதி கூட்டிக் கூலி வாங்கியவன். நாற்பத்தாறு ஆண்டுகளாக இதுதான் தொழில். ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள், பெரிய வீடுகள் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அலைந்தவன். ஆகவே அந்தக் கச்சேரியின் மேல் எனக்கு ஒருதலைப்பட்சமான பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கே போய்விட்டேன். கூடத்தில் குளிர்சாதனம் ஓடவில்லை. நான்கரைக்கு மேல்தான் போடுவார்களாம், மின்கட்டணம். வெயிலில் கூட்டிய சுருதி குளிரில் நிற்காது என்று எத்தனை மேலாளர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. குளிர்ந்தால் கம்பி சுருங்கும், சுருதி ஏறும். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் ஏறினாலாவது பரவாயில்லை. மேலே இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒரு விதமாக ஏறும், கீழே தாமிரம் சுற்றிய தடித்த கம்பி வேறு விதமாக ஏறும். எனவே ஒரு முறை மதியம் கூட்டிவிட்டு, ஐந்தரைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மேடையில் ஒருவர் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பூ ஜாடியை பியானோவின் மூடி மேல் வைக்க வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

வாசிக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். நம் ஊரில் தொடங்கி வெளிநாட்டில் படித்தவர். இரண்டு முறை கட்டைகளின் மேல் விரலை ஓட்டிவிட்டு என்னிடம் வந்து, 'அங்கிள், இடது பெடலை மிதித்தால் சத்தம் மட்டும் குறைகிறது, ஓசையின் நிறம் மாறவில்லையே' என்றார். இப்படிக் கேட்கத் தெரிந்தவர்களை என் தொழில் வாழ்க்கையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரிய பியானோவில் இடது பெடலை மிதித்தால் கட்டைகளின் வரிசை முழுவதும் மயிரிழை அளவு வலப்பக்கம் நகரும். மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். நகர்ந்தபின், கம்பியை அடிக்கும் கம்பளிச் சுத்தியல் இரண்டை மட்டும் தொடும். அதுவும் தினமும் அடிபட்டு இறுகிய இடத்தால் அல்ல, பக்கத்தில் இருக்கும் பஞ்சு போன்ற கம்பளியால். அந்த இடத்தை ஊசியால் குத்திக் குத்தி இளக்கிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேர வேலை. அரங்கில் ஒருவருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் உங்கள் விமர்சகருக்குக் கேட்ட 'மென்மை'யில் ஒரு பங்கு அந்த ஊசியுடையது என்று உரிமை கொண்டாடலாம் என நினைக்கிறேன்.

நான் மென்மைக்கு விரோதி அல்லன். என் சண்டை அதைப் பற்றியதே அல்ல. மென்மை மட்டும் நடந்ததுபோல எழுதிவிட்டார்களே, அதுதான்.

இந்தக் கருவியின் பெயரிலேயே சங்கதி இருக்கிறது. 1700-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் இதைச் செய்தபோது, 'பியானோவும் ஃபோர்ட்டேயும் தரக்கூடிய' வாத்தியம் என்றுதான் குறித்தார்கள். பியானோ என்றால் மெல்லிய ஓசையில், ஃபோர்ட்டே என்றால் பலத்த ஓசையில். அதுவரை இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே ஓசைதான் வரும். விரலின் கோபமும் தயவும் கம்பி வரை போய்ச் சேரும்படி செய்ததுதான் இந்தக் கருவியின் புதுமை. பிற்காலத்தில் உலகம் சோம்பேறித்தனமாகப் பெயரின் பின்பாதியை வெட்டிவிட்டது. தங்கள் விமர்சகர் கச்சேரியின் பின்பாதியையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

நம் ஊரில் இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பழைய படங்கள். பணக்கார வீடு, வளைந்த மாடிப்படி, பிறந்தநாள் விருந்து, கோட்டு போட்ட கதாநாயகன் பியானோ முன்னால் உட்கார்ந்து காதலியை ஓரக்கண்ணால் பார்த்துச் சோகமாகப் பாடுவான். கைகள் கட்டைகளின் மேல் சும்மா நீந்தும். அதற்குப் பிறகு நட்சத்திர ஓட்டல்களின் வரவேற்பறை. மூன்றாவதாக ஓர் இடத்தில் நம்மவர்கள் பியானோவைக் கேட்டதே இல்லை. பெரிய கச்சேரி பியானோவின் உள்ளே சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18, 20 டன் வரும். அதைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டியிருக்கிறது. ஒரு கம்பி அறுந்து என் புறங்கையில் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது. வருடும் கருவியாம்!

ஞாயிறன்று வாசிக்கப்பட்டது என்ன? அழைப்பிதழிலேயே 'மாறும் மனநிலைகள்' என்று அச்சடித்திருந்தார்கள். முதலில் பீத்தோவனின் 'நிலவொளி'. உங்கள் விமர்சனத்தில் நான்கு வரிகள் இதற்கே போயிருக்கின்றன, ஏரியில் நிலா மிதந்தது என்று. அந்தப் பெயரை பீத்தோவன் வைக்கவில்லை. அவர் இறந்தபின் ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர், லூசெர்ன் ஏரியில் விழும் நிலவொளியோடு ஒப்பிட்டதிலிருந்து ஒட்டிக்கொண்டது. விமர்சகர்கள் அன்றும் இப்படித்தான். பீத்தோவன் அதை எழுதிய 1801-ஆம் ஆண்டில்தான், தன் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதைச் சிறுவயது நண்பருக்கு முதன்முதலாகக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். முதல் பகுதியை நிலா என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் பகுதி? கீழிருந்து மேலே ஓடி, உச்சியில் பளார் பளாரென்று இரண்டு அறை. மறுபடி கீழே, மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு அறை. பூட்டிய கதவை ஒருவன் தோளால் இடிப்பது போல. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்து, போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் முன்னிசைகள் சில. பன்னிரண்டு ஸ்தானங்களிலும் மேஜர் ஒன்று, மைனர் ஒன்று என்று அவர் எழுதிய 24 குறுந்துண்டுகள், 1839-இல் வெளியானவை. அவற்றில் நான்காவதை முதலில் வாசித்தார். மேலே ஒரு ஸ்வரமும் அதன் பக்கத்து ஸ்வரமும் மட்டும் திரும்பத் திரும்ப வரும். கீழே இடக்கையின் கோர்வை அரை அரைக் கட்டையாக இறங்கிக்கொண்டே போகும், மாடிப்படியில் ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்குவது போல. 1849-இல் பாரிசில் ஷோப்பனின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள்.

அதன்பின் பதினைந்தாவது. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 'மழைத்துளி' என்ற பெயர் இதற்கு, இதுவும் மற்றவர்கள் வைத்ததுதான். ஒரே ஸ்வரம் தொடக்கம் முதல் விழுந்துகொண்டே இருக்கும். நம் கணக்கில் சொன்னால், டி ஃபிளாட் என்ற கட்டையை ஷட்ஜமாக, அதாவது 'ச'வாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த விழும் ஸ்வரம் பஞ்சமம், 'ப'. அந்தர காந்தாரம் என்ற மேல் 'க'வோடு, சங்கராபரண ராகத்தின் வெளிச்சத்தில் பாட்டு நடக்கிறது. பிறகு ஓர் இடத்தில் பாட்டு நின்றுவிடும், பஞ்சமம் மட்டும் நிற்காது. அடுத்த நொடி கீழிருந்து வேறு ஏதோ நகர்ந்து வரத் தொடங்கும். ஷட்ஜம் அதே கட்டை. பஞ்சமம் அதே கட்டை, அதே விரல் வேகம். காந்தாரம் ஒரு படி இறங்கி சாதாரண காந்தாரமாகிவிட்டது. முக்கியமான மாற்றம் அதுதான். வீடு இருண்டுவிட்டது. நான் அன்று ஐந்தரை மணிக்குக் கூட்டிய அதே மூன்று கம்பிகள், முதலில் ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையாக இருந்தவை, இப்போது யாரோ சுவரைத் தட்டுவது போலக் கேட்டன. கம்பியில் நான் எதுவும் மாற்றவில்லை. அந்தப் பெண்ணும் அந்தக் கட்டையை வேறு விதமாக அடிக்கவில்லை. சுற்றி இருந்தது மாறியது.

இதில் ஒரு தொழில் ரகசியமும் உண்டு. பியானோவில் கூட்டும் காந்தாரம், தம்பூராவில் கேட்கும் காந்தாரத்தைவிட ஒரு இழை தூக்கலாக இருக்கும். பஞ்சமம் இம்மி குறைவாக இருக்கும். பன்னிரண்டு ஸ்தானங்களுக்கும் பொதுவாக ஒரே பியானோ வேலை செய்ய வேண்டுமென்றால் எல்லா ஸ்வரமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒரு வீணை வித்துவான் வீட்டில் அவர் பேரனுடைய பியானோவுக்குச் சுருதி கூட்டப் போனபோது, பக்கத்து அறையிலிருந்து, 'இன்னும் சேரவில்லையே ஐயா, எப்போது முடியும்?' என்று கேட்டார். 'முடிந்துவிட்டது ஐயா' என்றேன். பாவம், அவர் காது சரி. ஆனால் அந்தச் சமரசம் இல்லாவிட்டால் இப்படி ஒரே கட்டையில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நழுவ முடியாது.

பதினைந்து முடிந்து கைதட்டலுக்கு இடம் கொடுக்காமல் பதினாறில் இறங்கினார். ஆறு அறை, அதன்பின் வலக்கை தலைதெறிக்க ஓடும். நம் கச்சேரியில் வர்ணம் முடிந்து கீர்த்தனை, நடுவில் வித்துவான் ஒரு மடக்கு வெந்நீர் குடிப்பார், வயலின்காரர் சுருதி பார்ப்பார், தனி ஆவர்த்தனத்தில் பாடகருக்கு ஓய்வு. மனம் மாறிக்கொள்ள அவகாசம் இருக்கும். இங்கே பக்கவாத்தியம் கிடையாது. அழுததும் அவரே, அடுத்த கணம் ஆத்திரப்பட்டதும் அவரே. நடுவில் இருந்தது ஒரு மூச்சு.

முதல் பாதியின் கடைசியில் ஷோப்பனின் இரண்டாவது பல்லாடு, கதைப்பாட்டு போன்ற நீண்ட துண்டு. தொட்டிலாட்டும் நடையில் ஒரே ஸ்வரத்தில் தொடங்கி, கிராமத்துப் பாட்டு போல அடங்கிய குரலில் வெகுநேரம் போகும். அதற்கு என் ஊசி வேலை நன்றாகவே பயன்பட்டது. இரண்டாம் வரிசையில் ஒரு பாட்டியின் மடியில் குழந்தை தூங்கிப்போயிருந்தது. பாட்டு ஏறக்குறைய மூச்சாகத் தேய்ந்தபோது, எச்சரிக்கை இல்லாமல் புயல் இறங்கியது. குழந்தை விழித்து அலறியது. பாட்டி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நான் அந்தக் குழந்தையின் கட்சி. ஷோப்பன் எழுதியது அதன் காதில் சரியாகவே விழுந்தது. கடைசியில் அந்தத் தொடக்கப் பாட்டில் ஒரு வரி திரும்ப வரும். ஆனால் வந்த இடம் வேறு. எஃப் மேஜரில் கிளம்பிய பாட்டு ஏ மைனரில் முடிகிறது. புறப்பட்ட ஊருக்குத் திரும்பாத பாட்டு.

அந்தப் புயலில் மேல் ஸ்தாயியில் ஒரு கம்பி இறங்கிவிட்டது. கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்த எனக்கு அது பல்லில் கேட்டது. மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் இறங்கினால் ஓசை நேராக நிற்காது, அலை அலையாக ஆடும். இடைவேளை பதினைந்து நிமிடம். அதில் ஏழு நிமிடத்தைச் சிறப்பு விருந்தினர் எடுத்துக்கொண்டார், பொன்னாடை, 'இசைக்கு மொழி இல்லை' எல்லாம் சேர்த்து. மீதி எட்டு நிமிடத்தில் பக்கத்துக் கம்பிகளை அடக்க ரப்பர் ஆப்பைச் செருகி, சுருதிச் சாவியைப் போட்டு, காப்பி குடித்துவிட்டு வருகிறவர்களின் இரைச்சலுக்கு நடுவே அந்த ஒரு கம்பியைத் தூக்கி நிறுத்தினேன். மென்மையான இசைக்கு இடைவேளையில் சாவி தேவைப்படுவதில்லை ஐயா.

இனி, என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்த விஷயம். தங்கள் விமர்சனத்தில் 'பீத்தோவன், ஷோப்பன் உள்ளிட்டோரின் படைப்புகள் இசைக்கப்பட்டன' என்று இருக்கிறது. அந்த 'உள்ளிட்டோர்' ஒரே ஆள். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன். இடைவேளைக்குப் பிறகான முழுப் பாதியும் அவருடையது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'கிரைஸ்லேரியானா'. முன்வரிசையில் 'பத்திரிகை' என்று தாள் ஒட்டிய நாற்காலி அந்த அரை மணி நேரமும் காலியாக இருந்தது. பிரதி அனுப்பும் நேரமாக இருந்திருக்கலாம், கடைசி பஸ்ஸாக இருந்திருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் போனவர் போனேன் என்று எழுதியிருக்கலாம்.

நிகழ்ச்சியை அப்படி அடுக்கியதில் ஒரு நுட்பம் இருந்தது. ஷோப்பனும் ஷூமனும் 1810-இல் பிறந்தவர்கள். 1838-இல் எழுதிய கிரைஸ்லேரியானாவை ஷூமன் ஷோப்பனுக்குக் காணிக்கையாக்கினார். 1840-இல் வெளியான அந்த இரண்டாவது பல்லாடை ஷோப்பன் ஷூமனுக்குக் காணிக்கையாக்கினார். இடைவேளைக்கு முன்னால் ஒரு கடிதம், பின்னால் இன்னொரு கடிதம். நடுவில் நான் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஷூமன் தன்னையே இரண்டு ஆளாகப் பிரித்துப் பெயர் வைத்துக்கொண்டவர். ஃபுளோரெஸ்டான் முரடன், யூசிபியஸ் கனவு காண்பவன். பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதும்போதும் இந்த இருவரையும் பேச வைப்பார். (ஆம், அவரும் விமர்சகர்தான். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்.) கிரைஸ்லேரியானாவில் எட்டுத் துண்டுகள், ஹாஃப்மன் எழுதிய கதைகளில் வரும் அரைப்பைத்தியமான இசைக்காரன் ஒருவனின் பெயரால். ஒன்று வெறிகொண்டு ஓடும், அடுத்தது உட்கார்ந்து யோசிக்கும், யோசிக்கும் துண்டுக்குள்ளேயே திடீரென்று வேறொருவன் புகுந்து கத்திவிட்டுப் போவான். காதலி கிளாராவை அவள் தந்தை பிரித்து வைத்திருந்த காலம் அது. பிற்பாடு கிளாராவை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், மனம் கலங்கி 1856-இல் காப்பகத்தில் இறந்தார்.

கடைசித் துண்டில் வலக்கை ஏதோ குழந்தை விளையாட்டு போலத் துள்ளும். இடக்கை மட்டும் தாளத்தோடு சேராமல், முன்னும் பின்னுமாக, ஒரு கால் ஊனமானவன் இருட்டில் பின்தொடர்வது போல வந்துகொண்டிருக்கும். பிறகு இரண்டும் கீழே, கீழே போய், பெரிய முடிவு எதுவும் இல்லாமல் காணாமல் போய்விடும். முடிந்ததா என்று அரங்கில் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் கையைக் கட்டைகளின் மேலேயே வைத்திருந்தார். ஒருவர் இருமத் தொடங்கி அடக்கிக்கொண்டார். எத்தனை நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணுகிறது. அன்று ஒரு பெண், இரண்டு கை, ஒரு பெட்டி, எட்டில் இளிவரல் ஒன்றைத் தவிர ஏழையும் காட்டிவிட்டுப் போனார் என்பது என் கணக்கு. அந்த எட்டில் 'மென்மை' இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டுகோள் பெரியது அல்ல. அடுத்த முறை என்னென்ன வாசிக்கப்பட்டன என்று பெயர் போட்டு எழுதுங்கள். கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பதினொருவர் பெயரும் போடுகிறீர்கள். 'தென்றல்' வேண்டுமானால் இருக்கட்டும், ஒன்றே ஒன்று. திருத்தம் வெளியிட இடம் இருந்தால் 'உள்ளிட்டோர்' என்பதை 'ஷூமன்' என்று படிக்கவும் என ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பியானோ ட்யூனர்,
பெரம்பூர், சென்னை - 11.

பி.கு.: விமர்சனத்தோடு வந்த படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது. கச்சேரி பியானோவின் மூடி வாசிப்பவரின் வலப்பக்கம் திறக்கும், அந்தப் பக்கம்தான் சபை இருக்கும். உங்கள் படத்தில் இடப்பக்கம் திறந்து நிற்கிறது. அப்படி ஒரு பியானோவை நாற்பத்தாறு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. தங்கள் அலுவலகத்தில் ஒன்று இருக்குமானால் சொல்லி அனுப்பவும், கூலி வேண்டாம், பார்த்துவிட்டாவது வருகிறேன்.